காரின் ஹீற்றர் விசிறி நின்றுவிட்டது: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (கோண்டாவில்)

வணக்கம். என்னுடைய கார் ஜப்பானில் தயாரானது. விசிறியின் வேகத்துக்குக் கையால் திருகும் குமிழும் அதில் நான்கு நிலைகளும் உள்ளன. சில மாதங்களாக முதல் மூன்று நிலைகளிலும் காற்று வராமல், நான்காவதில் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடந்த வாரம் ஏ9 வீதியில் கிளிநொச்சிக்குப் போகும்போது, ஆனையிறவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொள்ள, விசிறி முற்றாக நின்றுவிட்டது. முன்கண்ணாடியின் உட்புறம் புகார் படிந்து வீதியே தெரியாமற் போனதால், பக்கக் கண்ணாடிகளை இறக்கி நனைந்துகொண்டே ஓட வேண்டியிருந்தது. இடையில் சில்லு ஒரு கிடங்கில் விழுந்த அதிர்வில் விசிறி தானாக ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் மீண்டும் நின்றது. பியூஸ் எரியவில்லை. கராஜ் ஒன்றில் காட்டியபோது, எதையும் அளந்து பார்க்காமலே மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார்கள். அடுத்த மாதம் வயதான அம்மா, அப்பாவுடன் நுவரெலியாவுக்குப் போக இருக்கிறோம்; அந்தக் குளிரில் ஹீற்றர் இல்லாமல் அவர்களைக் கூட்டிச்செல்ல முடியாது. மோட்டார் வாங்குவதற்கு முன் நான் எவற்றைச் சோதிக்கலாம்?

பதில் (சாவகச்சேரி, வாகன மின்வேலை)

தம்பி, ஏசிக்கும் ஹீற்றருக்கும் காற்றுத் தள்ளுவது ஒரே விசிறிதான் என்பதால், இதைத் திருத்தினால் இரண்டும் சரியாகும். நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. கீழ் வேகங்கள் மூன்றும் போய் நான்காவது மட்டும் ஓடியதென்றால் பழுது ரெசிஸ்ரரில், அதாவது மின்சாரத்தைக் குறைத்து விசிறியை மெதுவாக ஓடவைக்கும் பாகத்தில், இருக்கிறது. ஏனெனில் கீழ் வேகங்களுக்கான மின்சாரம் அதனூடாகவே போகிறது, முழு வேகத்துக்கு மட்டும் அதைத் தவிர்த்து நேராகப் போகிறது. மிகையாகச் சூடானால் அறுந்துபோகும்படி அதில் ஒரு சிறிய வெப்பப் பியூஸ் வைத்திருப்பார்கள். சிலர் அதன் மேல் ஒரு துண்டு வயரை ஈயம் வைத்து ஒட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள், டாஷ்போட்டுக்குள் தீப்பிடிக்கக்கூடிய வேலை அது. பியூஸ் பெட்டியில் அம்பியர் கூடிய பியூஸைப் போடுவதும் அப்படித்தான்.

கிடங்கில் விழுந்ததும் ஓடியது என்பது இன்னொரு கதை. ஒன்றில் வயர்களை இணைக்கும் பிளக் கருகித் தொடுப்பு விட்டிருக்கிறது, அல்லது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் காபன் தூரிகைகள் தேய்ந்துவிட்டன. எதுவென்று அளந்தே சொல்லலாம். எங்கள் வாகனங்களில் மோட்டார் இடப்பக்கம், குளோவ் பொக்ஸுக்குக் கீழே இருக்கும். சாவியை ஓன் நிலையில் வைத்து, குமிழை நான்குக்குத் திருப்பி, மோட்டாரின் பிளக்கைக் கழற்றாமலே அதன் பின்புறமாக மல்ரிமீற்றரின் முனைகளைச் செருகி மோட்டாரின் இரண்டு வயர்களுக்கும் இடையே அளவுங்கள். 12 வோல்ற் அளவில் காட்டியும் மோட்டார் சுற்றவில்லையென்றால் பழுது மோட்டாரில்தான். காட்டாவிட்டால், ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகக் காரின் இரும்பு உடலோடு வைத்து அளவுங்கள். இரண்டிலும் 12 வோல்ற் வந்தால் எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் பக்கம், எங்கோ அறுந்திருக்கிறது. ஜப்பானியக் கார்கள் பலவற்றில் ரெசிஸ்ரரும் குமிழும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டிலும் வராவிட்டால் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பியூஸ் பெட்டியிலிருந்து வரும் வயரையும் பாருங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். அந்தப் பகுதியில் மஞ்சள் நிற வயர்கள் தென்பட்டால் அவை எயார்பாக்குக்கு உரியவை, கை வைக்க வேண்டாம்.

பதில் (சுன்னாகம்)

மேலே ஐயா சொன்னது கையால் திருகும் குமிழ் உள்ள கார்களுக்குப் பொருந்தும். வெப்பநிலையைத் தானே பேணும் ஓட்டோ ஏசி உள்ள கார்களில் ரெசிஸ்ரருக்குப் பதிலாக, விசிறியின் வேகத்தை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் பவர் ட்ரான்சிஸ்ரர் இருக்கும்; அது பழுதானால் எல்லா வேகங்களும் ஒன்றாகவே போய்விடலாம். இன்னொன்று, காரை வேப்பமரத்தின் கீழ் விடுகிறீர்களா? முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள துவாரத்தால் சருகு உள்ளே போய் விசிறியில் சிக்கும், ஃபில்ற்றரையும் அடைத்துவிடும். ரெசிஸ்ரர் குளிர்வது அந்த விசிறியின் காற்றில்தான். காற்றோட்டம் குறைந்தால் அது வெந்து போகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்தேன்: மோட்டாரின் இரண்டு வயர்களிலும் 12 வோல்ற் வந்தது, இடையே ஒன்றுமில்லை. ரெசிஸ்ரரைக் கழற்றியபோது அதன் பிளக்கில் ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பழுப்பாகி உருகியிருந்தது, உள்ளிருந்த பித்தளை முனை தொட்டதும் ஆடியது. விசிறிக்குள் ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகும் இருந்தது. புதிய ரெசிஸ்ரரை மட்டும் வாங்கிப் பழைய பிளக்கிலேயே பொருத்தலாமா?

பதில் (சாவகச்சேரி)

கூடாது தம்பி. தளர்ந்த முனை மீண்டும் சூடாகிப் புதிய ரெசிஸ்ரரையும் கருக்கிவிடும். வயரோடு சேர்ந்த பிளக்காக வாங்கி, கருகிய நீளத்தை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் இடத்தில் பொருத்துங்கள். வயரின் தடிப்பு பழையதைவிடக் குறையக் கூடாது. பிறகு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகவோ உராயும் சத்தத்தோடோ சுற்றினால் மோட்டார் மிகையாக மின்சாரம் இழுத்தே பிளக்கைக் கருக்கியிருக்கிறது. அப்போது மோட்டாரையும் மாற்றத்தான் வேண்டும். இலகுவாகச் சுற்றினாலும், முழு வேகத்தில் எத்தனை அம்பியர் போகிறதென்று ஒருமுறை பார்ப்பது நல்லது. சாதாரண மல்ரிமீற்றர் பெரும்பாலும் 10 அம்பியர் வரைதான் தாங்கும். இந்த மோட்டார்கள் அதைத் தாண்டும் என்பதால், டிசி (நேர் மின்னோட்டம்) அளக்கக்கூடிய, வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீற்றர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோங்கள்.