நாற்பதாயிரம் ரூபாய்க்குள் இரண்டு திருமண மோதிரங்கள்: 916தான் வாங்க வேண்டுமா?

கேள்வி (தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் எங்கள் பங்குக் கோவிலில் எனக்குத் திருமணம் நடக்கவிருக்கிறது. அடுத்த மாதம் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கத் தொடங்குவார்கள். தாலியும் அதற்கான சங்கிலியும் வாங்கியாகிவிட்டது. கையில் எஞ்சியிருக்கும் நாற்பதாயிரம் ரூபாயில் பீடத்தின் முன் மாற்றிக்கொள்ள இரண்டு மோதிரங்கள் வாங்க வேண்டும். நாங்கள் இருவரும் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறோம். இதற்காகக் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு கடையில் 916 (அதாவது 22 காரட்) தங்கத்தில் காட்டிய மோதிரங்கள் விரலில் நிற்குமா என்று அஞ்சும் அளவுக்கு மெல்லியதாக இருந்தன. இன்னொரு கடையில் 14 காரட் வாங்குங்கள் என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ அதைத் தங்கம் என்றே ஏற்க மறுக்கிறார்கள். தங்க மோதிரம்தான் வேண்டும் என்று திருச்சபையில் விதி ஏதும் உண்டா? வாழ்நாள் முழுதும் அணியப்போகும் மோதிரத்துக்கு எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (நகைப் பட்டறை, நாகர்கோவில்)

தம்பி, முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். காரட்டை விட்டுக்கொடுக்கலாம், கனத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. காதிலும் கழுத்திலும் கிடக்கும் நகை எதன்மீதும் மோதுவதில்லை. மோதிரமோ வாளிப்பிடியிலும் பேருந்துக் கம்பியிலும் பாத்திரத்திலும் நாள் முழுதும் உரசிக்கொண்டே இருக்கிறது. 22 காரட் தங்கம் மிருதுவானது என்பதால், ஒன்றேகால் கிராமில் செய்த மோதிரம் சில மாதங்களிலேயே வட்டம் கெட்டு நெளியும், போகப்போக உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து மெலிந்துவிடும். செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த 14 காரட் அதைவிடக் கடினமானது.

கணக்கு புரிவதற்காக 22 காரட் கிராம் 12,000 ரூபாய் என்றும், சேதாரம் பத்து விழுக்காடு என்றும், ஜிஎஸ்டி 3 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் நாற்பதாயிரத்துக்கு 916 என்றால் இரண்டு மோதிரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.9 கிராம்தான் கிடைக்கும். 18 காரட்டில் மூன்றரை கிராம். 14 காரட்டில் 4.6 கிராம். அதாவது பெண்ணுக்கு இரண்டு கிராமும் உங்களுக்கு இரண்டரை கிராமும் கொண்ட திடமான பட்டை மோதிரங்கள். இன்னும் இறங்கி 9 காரட்டுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் பிற உலோகமே இருப்பதால் நம் ஊர் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் நிறம் மங்கக்கூடும்.

கல் வைத்தது வேண்டவே வேண்டாம். உள்ளே குடைந்து கனமாகத் தெரியும்படி செய்த மோதிரமும் வேண்டாம். அது ஒடுங்கினால் நிமிர்த்துவது கடினம், அளவும் கூட்ட முடியாது.

மறுமொழி 2 (மதுரை)

பட்டறை ஐயா சொன்னதோடு ஹால்மார்க் எனப்படும் தூய்மை முத்திரை, சேதாரம் ஆகியவை பற்றிய சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். 14 காரட் தங்கம் இல்லை என்று சொல்லும் பெரியவர்களிடம், இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஹால்மார்க் இடும் தரங்களில் அதுவும் ஒன்று என்பதைச் சொல்லலாம். மோதிரத்தின் உட்புறம் அமைவனத்தின் முத்திரை, 14காரட்டைக் குறிக்கும் 585 என்ற எண், எச்யுஐடி எனப்படும் ஆறு இலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுப் பார்த்தால் நகையின் தூய்மை கடையிலேயே தெரிந்துவிடும். 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்த ஆறு இலக்கக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மெல்லிய 916 மோதிரம் வாங்குபவருக்கு, அது உண்மையில் 916தானா என்பதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இல்லாமல் போகலாம். இரண்டு கிராமோ அதற்கு மேலோ வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேதாரத்தைப் பேசிக் குறைக்கத் தயங்க வேண்டாம். வேலைப்பாடு இல்லாத பட்டை மோதிரத்துக்கும் அலங்கார நகைக்குரிய சேதாரத்தைப் போட்டால், காரணம் கேட்பது உங்கள் உரிமை. குறைந்த காரட் நகைக்குச் சில கடைகளில் செய்கூலி கூடுதலாக இருக்கும் என்பதால், கிராம் விலையை மட்டும் பார்க்காமல், கையில் தரவேண்டிய மொத்தத் தொகையை இரண்டு மூன்று கடைகளில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

மறுமொழி 3 (பாளையங்கோட்டை)

தம்பி, மோதிரம் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்று திருமணச் சடங்கில் விதி எதுவும் இல்லை. வெள்ளி மோதிரத்தையும் குருவானவர் மந்திரிப்பார் (ஆசீர்வதிப்பார்). அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

மற்றபடி, மேலே உள்ளவர்களோடு ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். நம்மைப் போன்ற குடும்பங்களில் நகை என்பது அவசரத்துக்கு அடகு வைக்கும் பொருளும்கூட. குறைந்த காரட் நகையை வங்கியில் அதன் தூய்மைக்கு ஏற்பக் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். தெருமுனை அடகுக்கடைகளில் சிலர் அதை வாங்கவே தயங்குவார்கள். ஆகவே பெரியவர்கள் 916 கேட்பதை வீண் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள், அவர்கள் பட்டறிந்து சொல்கிறார்கள். ஆனாலும் திருமண மோதிரத்தை யாரும் மனமுவந்து அடகு வைப்பதில்லை என்பதால், இந்த ஒரு நகைக்கு மட்டும் 14 காரட் பொருந்தும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இரு வீட்டிலும் சோடி தொலைந்த ஒற்றைக் கம்மல், அறுந்த சங்கிலித் துண்டு, குழந்தையாக இருந்தபோது போட்ட மோதிரம் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அந்தப் பழைய தங்கத்தையே மோதிரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெண் வீட்டில் அவர் பாட்டியின் ஒற்றைக் கம்மல் ஒன்று, கல் நீக்கி இரண்டு கிராம் அளவில் இருக்கிறதாம். அதைக் கொடுக்க அத்தை மகிழ்ச்சியோடு சம்மதித்திருக்கிறார்கள். கடையில் மாற்றுவது நல்லதா, ஆசாரியிடம் கொடுத்துச் செய்வது நல்லதா?

மறுமொழி 4 (நகைப் பட்டறை, நாகர்கோவில்)

கடையில் மாற்றினால் அழுக்கு, பற்றவைப்பு என்று கழிவு போடுவார்கள். பாட்டியின் தங்கமும் உங்கள் கைக்குத் திரும்பாது. தெரிந்த ஆசாரி இருந்தால் அவரிடமே கொடுங்கள். முதலில் ஹால்மார்க் மையத்தில் கம்மலின் தரத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். பொதுமக்களுக்கு நான்கு பொருள் வரை 200 ரூபாய்தான் கட்டணம். அது உண்மையில் 916 என்றால், இரண்டு கிராமை உருக்கிக் கலப்பு சேர்க்கும்போது மூன்று கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக 14 காரட் கிடைக்கும். பெண்ணுக்கு இரண்டு கிராமில் மோதிரம் செய்தபின் மிஞ்சும் ஒரு கிராமை உங்கள் மோதிரத்தில் சேர்த்துவிடலாம். கூடுதலாக ஒன்றரை கிராம் தங்கமும் கூலியும்தான் செலவு. உங்கள் நாற்பதாயிரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும். உருக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், அதை எந்த நல்ல ஆசாரியும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

விரல் அளவைக் காலையில் எடுக்காமல், விரல் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் எடுங்கள். பெயரோ தேதியோ பொறிப்பதாக இருந்தால், அளவு சரியாக இருக்கிறதா என்று இருவரும் ஒரு வாரம் போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்; பொறித்த மோதிரத்தை வெட்டி அளவு மாற்றினால் எழுத்து கெட்டுப்போகும்.