திங்கக்கிழமைக்குள்ள வேணும்: ப்ராடக்ட் ஓனருக்குத் தமிழ்ல என்ன?

திருமங்கலத்திலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்ல மூணாம் வருசத்துக்கு சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் எடுக்குறேன். புத்தகம் இங்கிலீசு, பரீட்சையும் இங்கிலீசு, ஆனா பிள்ளைகளுக்குப் புரியிறது தமிழ்லதான், அதனால ஒவ்வொரு பாடத்துக்கும் நாலு பக்கம் தமிழ்ல குறிப்பு எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துருவேன். இப்ப ஸ்க்ரம் ஓடுது, சாஃப்ட்வேரை ஒரு டீம் சின்னச் சின்னக் கட்டமா செஞ்சு முடிக்கிற முறை. மத்ததெல்லாம் ஒரு வழியா எழுதியாச்சு, டீம்ல எந்த வேலை முதல்லன்னு முடிவு பண்ற ப்ராடக்ட் ஓனர்கிட்ட வந்து பேனா நின்னுபோச்சு. பழைய குறிப்புல "தயாரிப்பு உரிமையாளர்"னு இருக்கு. அதைப் படிச்சுட்டுப் பிள்ளைக "கம்பெனிக்கு முதல் போட்டவர், லாபம் வந்தா அவருக்கு"ன்னு எழுதி வைக்கிதுக. அதுகளைக் குத்தம் சொல்ல முடியாது, நம்ம பக்கம் ஓனர்னா வீட்டு ஓனர், லாரி ஓனர், லேத்துப் பட்டறை ஓனர், உரிமையாளர்னா பத்திரத்துல பேரு இருக்கணும். திங்கக்கிழமை காலையில ஜெராக்ஸ் கடைக்குப் போகணும், அதுக்குள்ள ஒரு சொல் வேணும். சொல்லைப் பாத்ததும் அந்த ஆளோட வேலை என்னன்னு ஞாபகம் வரணும், அது போதும்.

சிம்மக்கல்லிலிருந்து:

அம்மா, நீங்க தேடுற சொல் உங்க மடல்லயே இருக்கு. திங்கக்கிழமைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, கிழமைன்னா உரிமை. திங்களுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. ஆறாம் வேற்றுமைக்குப் பொருளே கிழமைப் பொருள்தான். கிழமை உடையவர் கிழவர், கிழார். கோவூர் கிழார், அரிசில் கிழார், ஆவூர் மூலங்கிழார்னு சங்கப் புலவர் பேர்ல வர்ற கிழார் இதுதான், சேக்கிழார் வரைக்கும் வருது. ஆக "பொருட்கிழார்". பொருள் கூட்டல் கிழார், ளகரம் டகரமாத் திரியும், சுருக்கமாவும் இருக்கு.

உழவு அதிகாரத்துல 1039-ஆம் குறள், "செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்". இங்க கிழவன் வயசானவர் இல்ல, நிலத்துக்கு உரியவர். போய்ப் பாக்காம வீட்டுல இருந்துட்டா நிலம் பொஞ்சாதி மாதிரி கோவிச்சுக்கும்ங்கிறார். நீங்க சொல்ற ஆளும் தினம் போய் நிக்கணும்ல? இன்னொரு நுட்பமும் இருக்கு. கிழமையில ரெண்டு வகை, முருகனது கைங்கிறது தற்கிழமை, பிரிக்க முடியாது, முருகனது வேல்ங்கிறது பிறிதின்கிழமை, பிரிக்கலாம். ப்ராடக்ட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு இதுல எதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் சொல்லைத் தொடணும். அவர் வேலையை விட்டுப் போனா இன்னொருத்தர் வந்துருவார்ங்கிறதால பிறிதின்கிழமைன்னுதான் எனக்குப் படுது. அப்படி இருக்கும்போது உரிமையாளர்னு ஒரே அடியா அடிக்கிறதை விட, காலங்காலமா மண்ணோட சேர்ந்து வந்த கிழார் எவ்வளவோ மேல்.

வடபழஞ்சியிலிருந்து:

ஐயா, ரசிச்சுப் படிச்சேன். ஆனா இங்க ஐடி பார்க்ல நான் பாக்குறதே அந்த வேலைதான், அதனால ரெண்டு விசயம் சொல்லணும். நான் பொம்பள. கிழவனுக்குப் பெண்பால் கிழத்தி, அகப்பொருள்ல தலைவிக்கு அந்தப் பேர் இருக்குன்னு தெரியும், ஆனா டீம்ல இப்பத்தான் சேர்ந்த பய என்னைய அப்படிக் கூப்பிட்டா கேக்குறவங்களுக்குக் கிழவிதான் காதுல விழும். கிழார்னு வச்சாலும் இன்னைக்குப் புழக்கத்துல இருக்குறது நிலக்கிழார் மட்டும்தான். டீச்சர் எந்த முதலாளிகிட்ட இருந்து பிள்ளைகளை மீட்கப் பாக்குறாங்களோ அதே ஆள்கிட்டத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுரும்.

அடுத்தது வேலை. ஸ்க்ரம் முறையை உருவாக்குன கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதுன ஸ்க்ரம் கைடு முதல்ல வந்தது 2010-ல, அப்புறம் பெருசாத் திருத்துனது 2020-ல. அதுப்படி டீம் செய்ற வேலையில இருந்து ப்ராடக்ட்டுக்கு எவ்வளவு மதிப்பு கிடைக்க முடியுமோ அவ்வளவையும் கொண்டுவர்றது இவரோட பொறுப்பு. பேக்லாக்ல, அதாவது செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்ல, எது முன்னாடி எது பின்னாடின்னு வரிசை வைக்கிறது இவர். ஒரே ஆள்தான், கமிட்டி கிடையாது. பட்டியலை எழுதுற வேலையை அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், ஆனா பதில் சொல்ல வேண்டியது இவர்தான். ஸ்பிரிண்ட்டை, அதாவது குறிச்ச நாளுக்குள்ள முடிக்கிற ஒரு சுற்று வேலையை, நடுவுல ரத்து பண்ற அதிகாரம் இவருக்கு மட்டும்தான் உண்டு. அதே சமயம் ஒரு ஸ்பிரிண்ட்டுக்கு எவ்வளவு வேலை எடுக்கலாம், எப்படிச் செய்யலாம்ங்கிறது டெவலப்பர் கையில, அதுல இவர் தலையிட முடியாது. 2011 திருத்தத்துல இன்னொண்ணு செஞ்சாங்க, பேக்லாக்கை முன்னுரிமைப்படுத்துறதுன்னு இருந்ததை வரிசைப்படுத்துறதுன்னு மாத்துனாங்க. ஏன்னா முன்னுரிமைன்னு சொன்னா எல்லாமே அவசரம்னு ஆயிரும், வரிசையில மட்டும்தான் முதலாவதுன்னு ஒண்ணே ஒண்ணு இருக்க முடியும்.

எங்க ஆபீஸ்ல நடந்ததையே சொல்றேன். சேல்ஸ்ல இருந்து பில்லுல கஸ்டமர் லோகோ வரணும்னு கேக்குறாங்க, அக்கவுண்ட்ஸ்ல ஜிஎஸ்டி ரவுண்டிங்ல பைசா இடிக்கிதுன்னு சொல்றாங்க, சப்போர்ட்ல சில போனுக்கு ஓடிபி போகலைன்னு கூப்பாடு. மூணு பேருக்கும் அவங்கவங்க வேலைதான் முதல். ஓடிபி முதல், பைசா ரெண்டு, லோகோ அடுத்த ஸ்பிரிண்ட்டுன்னு நான் வச்சேன், சேல்ஸ் மேனேஜர் ரெண்டு நாள் பேசல. என் கையில இருக்குறது இந்த வரிசைதான். ப்ராடக்ட்ல எனக்குச் சொந்தம்னு ஒரு துரும்பு கிடையாது, மாசச் சம்பளம். அதனால உரிமை, உடைமை, கிழமை மூணையும் விட்டுட்டு யோசிங்கன்னு கேட்டுக்கிறேன்.

மேலூரிலிருந்து:

அக்கா சொல்றதைக் கேட்டா எங்க ஊர் நீர்பாய்ச்சிதான் ஞாபகம் வர்றாரு. கண்மாய்ல மடையைத் திறந்து எந்த வயலுக்கு எப்ப தண்ணின்னு பாய்ச்சுறவரு. நாங்க பெரியாறு கால்வாய்ல கடைசிப் பக்கம், தண்ணி வந்து சேர்றதே பாடு, அந்த மாதிரி வருசத்துல வயக்காரன் தானா மண்வெட்டியத் தூக்கிட்டு மடைக்குப் போகக் கூடாது, அவரு சொன்ன முறைதான். பல ஊர்ல அவருக்கு அந்த ஆயக்கட்டுல நிலமே இருக்காது, அறுப்புல நெல்லு அளந்து குடுப்பாய்ங்க. சொந்தம் இல்லாதவரு, ஆனா வரிசை அவரு கையில. இதைவிடப் பொருத்தமா எங்க கெடைக்கும்? நேரடியா நீர்பாய்ச்சின்னு வைக்க வேணாம், அந்தக் கருத்தை எடுத்துக்கிட்டு "வரிசைப்படுத்துனர்"னு வச்சா என்ன?

சிம்மக்கல்லிலிருந்து:

தம்பி, சொல் எதுவா இருந்தாலும் சரி, வரிசைப்படுத்துனர் இல்ல, வரிசைப்படுத்துநர். ஏவல் வினையோட சேர்றது நர் விகுதி. ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர், பொருநர். உறுப்பினர்ல வர்றது வேற, உறுப்புங்கிற பெயரோட இன் சாரியை, அர் விகுதி. டிவியில, போஸ்டர்ல எல்லாம் இயக்குனர்னு போட்டுப் போட்டு நகரம் போயிருச்சு. நாப்பது வருசமா சிவப்பு மையில திருத்தியிருக்கேன், இங்கயும் விட மாட்டேன்.

செல்லூரிலிருந்து:

ஐயா, அந்த நகர னகரத்தை இன்னொரு நாள் பேசிக்கலாம், டீச்சருக்கு நாள் இல்ல. நான் ஆப் மொழிபெயர்ப்பு பாக்குறவன், என் கட்சி வேற. ப்ராடக்ட் ஓனர்னே தமிழ் எழுத்துல போட்டுட்டு, கீழ ரெண்டு வரி விளக்கம் குடுத்துட்டுப் போயிருங்க. இந்தப் பிள்ளைக நாளைக்கு சென்னையில இன்டர்வியூல போய் உக்காரும்போது அவன் ப்ராடக்ட் ஓனர்னுதான் கேப்பான், வரிசைப்படுத்துநர்னு கேக்கப் போறதில்ல. நம்ம வைக்கிற பேர் பிள்ளைகளுக்கு ரெண்டாவது பாரமா ஆகக் கூடாது. ஏற்கெனவே ப்ராடக்ட் பேக்லாக்கை "நிலுவை"ன்னு மொழிபெயர்த்து வச்சிருக்காய்ங்க, காலேஜ் பயலுக அதைப் பாத்தா அரியர் பேப்பர்னுதான் நினைப்பாய்ங்க. நிலுவைன்னா கெடு தாண்டி நின்னுபோனது. பேக்லாக்ல இருக்குறது நின்னுபோன வேலை இல்ல, இனிமேல் செய்யப் போற வேலை. இப்படி ஒவ்வொரு சொல்லும் தப்பான பக்கம் இழுத்துட்டுப் போகுது.

வடபழஞ்சியிலிருந்து:

செல்லூர் அண்ணே, ஓனர்ங்கிற வார்த்தையே தப்பான பக்கம் இழுக்குதுன்னுதான டீச்சர் வந்து கேக்குறாங்க. அதை அப்படியே தமிழ் எழுத்துல எழுதுனா கோளாறும் அப்படியே வந்துரும். கலெக்டரை எடுத்துக்கங்க. சொல்லுக்குச் சொல் பெயர்த்தா வசூல் பண்றவர், தண்டலர். நாம ஆட்சியர்னு வச்சோம், அந்த ஆள் உண்மையில செய்ற வேலையைப் பாத்து. கலெக்டர் ஆபீஸ்னு வாயில சொல்றோம், மனு எழுதும்போது மாவட்ட ஆட்சியர் அவர்களுக்குன்னு எழுதுறோம், ரெண்டும் சண்டை போடல. அதனால ஓனர்ங்கிற வார்த்தையைப் பெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்ல, வேலையைப் பாத்துப் பேர் வைங்க. 2020 திருத்தத்துல ரோல்ங்கிற சொல்லையே எடுத்துட்டு, ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர் மூணு பேருக்கும் என்னென்ன பொறுப்புன்னுதான் எழுதியிருக்கு. எனக்கு "பொருள் பொறுப்பாளர்" சரின்னு படுது. மென்பொருள்ல ஏற்கெனவே பொருள் இருக்கு, தொடர்ச்சியா வரும்.

சிம்மக்கல்லிலிருந்து:

பொறுப்பாளர்ங்கிறது சங்கத்துக்கு, விழாக் கமிட்டிக்கு எல்லாம் சொல்ற சாதாரணச் சொல் அம்மா. "பொருள்முதல்வர்" பாருங்க, வினைமுதல் மாதிரி, செயலுக்கு முதலா நிக்கிறவர்.

செல்லூரிலிருந்து:

பொருள்முதல்வாதம்னு ஒரு தத்துவம் இருக்குங்கய்யா, வாசக சாலைக்குப் போற பிள்ளை ஸ்க்ரம்ல மார்க்ஸ் எங்க வந்தாருன்னு கேக்கும். முதல்வர்னா பிரின்சிபால்வேற. "பயன் பொறுப்பாளர்"னு வைக்கலாம்னு நானே யோசிச்சேன், மதிப்பைக் கூட்டுறதுதான் வேலைங்கிறதால, ஆனா யூசருக்குப் பயனர்னு வச்சாச்சு, பயனர் பொறுப்பாளர்னு படிச்சு கஸ்டமர் கேர்னு நினைச்சுருவாய்ங்க. சரி, ஒரு தமிழ்ச்சொல் வேணும்தான்னா பொருள் பொறுப்பாளருக்கு நான் தடை சொல்லல, முதல் தடவை வர்ற எடத்துல பக்கத்துலயே ப்ராடக்ட் ஓனர்னும் போடணும்.

சிம்மக்கல்லிலிருந்து:

அப்படியே வச்சாலும் பொருட்பொறுப்பாளர்னு சேத்து எழுதணும். சந்தி இல்லாமப் பிரிச்சுப் போட்டா ரெண்டு சொல்லா நிக்கும், கலைச்சொல்லா நிக்காது.

செல்லூரிலிருந்து:

பொருட்பொறுப்பாளர் வாயில நுழையாதுங்கய்யா.

சிம்மக்கல்லிலிருந்து:

சித்திரையில தமுக்கத்துல பொருட்காட்சிக்குக் குடும்பம் குடும்பமாப் போறாங்களே, யாருக்கு வாயில நுழையல? பொருள் காட்சின்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. 1901-ல பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் வச்ச ஊர்ல இருந்துக்கிட்டு டகரத்துக்குப் பயப்படலாமா?

மேலூரிலிருந்து:

வரிசைங்கிறது பேர்லயே இல்லாமப் போச்சேன்னுதான் எனக்கு வருத்தம். பொறுப்பாளர்னா எதுக்குப் பொறுப்புன்னு பிள்ளைக எப்படிக் கண்டுபிடிக்கும்? "வரிசைப் பொறுப்பாளர்"னாவது வைங்க.

வடபழஞ்சியிலிருந்து:

தம்பி, வரிசை கண்ணுக்குத் தெரியிற பாதி. எதுக்காக அந்த வரிசைங்கிறது மறுபாதி. உன் நீர்பாய்ச்சி வயல்ல நெல்லா கரும்பான்னு சொல்ல மாட்டாரு, நான் அதையும் சொல்லணும். இந்த வசதியே வேணாம், யாரும் பயன்படுத்தலைன்னு பட்டியல்ல இருந்து தூக்குறதும் என் வேலைதான், அதுக்குத்தான் நிறையத் திட்டு வாங்குறேன். வரிசைன்னு மட்டும் பேர் வச்சா டோக்கன் குடுக்குற ஆள் மாதிரி ஆயிரும்.

திருமங்கலத்திலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. மேலூர்த் தம்பி, உங்க நீர்பாய்ச்சியை நான் பாடத்துல சொல்லலாம்னு முதல்ல நினைச்சேன், கருத்து அம்புட்டுப் பொருத்தம். ஆனா சில ஊர்ல அந்த வேலையைக் குறிப்பிட்ட ஆளுகளுக்குன்னு பரம்பரையா ஒதுக்கி வச்சிருந்தாங்க, அந்த வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்புல இருக்கலாம், உதாரணம்னு சொல்லி யாரையும் திரும்பிப் பாக்க வைக்க எனக்கு மனசு வரல. ஓடிபி, பைசா, லோகோ கதையை அப்படியே எடுத்துக்குறேன், வடபழஞ்சி அக்கா அனுமதி குடுக்கணும். மூணு சீட்டுல எழுதிக் குடுத்து வரிசை வைக்கச் சொல்லப் போறேன். சொல்லு, பொருட்பொறுப்பாளர், சேத்தே எழுதுறேன், முதல் எடத்துல ப்ராடக்ட் ஓனர் பக்கத்துல. பேக்லாக்குக்கு நிலுவையை எடுத்துட்டுப் பணிவரிசைன்னு போட்டுட்டேன், தம்பி கேட்ட வரிசை அதுல வந்துருது, பணிவரிசையை வைக்கிறவர் பொருட்பொறுப்பாளர்னு ஒரே வாக்கியத்துல முடியுது.

சிம்மக்கல்லிலிருந்து:

பெரும்பான்மை அப்படின்னா சரி. பொருட்கிழார்தான் சரியான சொல்ங்கிற என் கருத்தை மாத்திக்கல. கிழார்ங்கிற சொல் ஜமீனுக்குப் போனது சொல்லோட குத்தமில்ல, நாம புழங்காம விட்டதாலதான் போச்சு, புழங்குனாத்தான் திரும்பும். பணிவரிசை நல்ல சொல்.

மேலூரிலிருந்து:

டீச்சர், ஜெராக்ஸ் போயிருச்சான்னு தெரியல. வீட்டுல பேப்பர் படிக்கும்போதுதான் தோணுச்சு. பொறுப்பு டிஜிபி, பொறுப்பு ஹெச்எம்னு போடுறாய்ங்களே, அங்க பொறுப்புன்னா தற்காலிகமா உக்கார வச்ச ஆள்னு அர்த்தம். ஒரே ஆள், கடைசிவரைக்கும் அவர்தான் பதில் சொல்லணும்னு அக்கா அம்புட்டு அழுத்திச் சொன்னதுக்கு இது நேர் எதிரால்ல இருக்கு.

திருமங்கலத்திலிருந்து:

போயிருச்சு தம்பி, அறுபது காப்பி. பொறுப்புங்கிறதும் பொறுப்பாளர்ங்கிறதும் வேறன்னு வகுப்புல சொல்லிப் பாக்குறேன். பிள்ளைக என்ன எழுதுதுகன்னு உள்தேர்வுத் தாளைத் திருத்திட்டு இங்கயே போடுறேன், அதை வச்சு அடுத்த செமஸ்டருக்கு மறுபடி பேசுவோம்.