சியன்னாவா, ஒடிசியா, பசிஃபிகாவா? பத்து வருடம் ஓட்ட எதை எடுப்பது?

நீலவாசல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஆறு பேர். நான், கணவர், 8 வயது மகள், 4 வயது மகன், ஐந்து மாதக் கைக்குழந்தை, அப்புறம் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன என் மாமியார். இப்போது இருக்கும் ஐந்து சீட் காரில் எல்லோரும் சேர்ந்து எங்கேயும் போக முடிவதில்லை. யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் அது அத்தையாகவே இருப்பது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எஸ்யூவி உயரத்துக்கு அவரால் ஏறி இறங்க முடியாது, அதனால் மினிவேன்தான் என்று முடிவு செய்துவிட்டோம்.

செகண்ட் ஹேண்டில், 2017-க்குப் பிறகு வந்த டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி, கிரைஸ்லர் பசிஃபிகா மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார் கணவர். இவ்வளவு பெரிய செலவில் கண்ணை மூட எனக்கு மனம் வரவில்லை. குறைந்தது பத்து வருடம் ஓட்ட வேண்டும், கைக்குழந்தையோடு நடுவழியில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டை நம்பலாமா? எந்த வருடத்து வண்டியைத் தொடவே கூடாது? சொந்தமாக வைத்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

நெடுந்தூரம்:

நீங்கள் நினைப்பதுதான் சரி. கம்பெனி பெயரை வைத்து மட்டும் எந்த வேனையும் வாங்க முடியாது, எந்த வருடத்தில் எந்த கியர்பாக்ஸ் வந்தது என்று பார்த்தே ஆக வேண்டும். ஒடிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999 முதல் 2001 வரை வந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் கோளாறு அதிகமாகி, ஹோண்டாவே அதற்கு மட்டும் வாரண்டியை 7 வருடம், 1 லட்சம் மைல் என்று நீட்டிக் கொடுத்தது. அந்தக் கெட்ட பெயரை இன்றைக்கும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெட்டிக்கும் 2018-ல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கும் சம்பந்தமே இல்லை. அதில் பார்க்க வேண்டியது வேறு. 2018, 2019 வண்டிகளில் சாதாரண மாடல்களுக்கு இசட்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனியின் 9 கியர் பெட்டி, மேல் மாடல்களான டூரிங், எலீட் இரண்டுக்கும் ஹோண்டாவின் சொந்த 10 கியர் பெட்டி. 2020 முதல் எல்லாவற்றிலும் 10 கியர்தான். மெதுவாகப் போகும்போது அந்த 9 கியர் பெட்டி தயங்கித் தயங்கி மாறுவதாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஒடிசி என்று போனால் 2020-ஐயோ அதற்குப் பிறகு வந்ததையோ பாருங்கள்.

இன்னொன்று, ஒடிசியின் 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜினில், வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இசைந்து ஓட வைப்பது டைமிங் செயின் கிடையாது, பெல்ட். ஏறக்குறைய 1 லட்சம் மைலில், அதாவது 1,60,000 கிலோமீட்டர் சுமாருக்கு அதை மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே வீணாகிவிடும். அதனால் மாற்றியாச்சு என்று வாயால் சொன்னால் போதாது, ரசீதைக் கேளுங்கள். மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் அதே இடத்தைத்தான் இரண்டுக்கும் பிரிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆறு சிலிண்டரில் மூன்றை நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் இந்த இன்ஜினில் உண்டு. 2008 முதல் 2013 வரை வந்த ஒடிசிகளில் அது ஸ்பார்க் பிளக்கில் எண்ணெய் படிந்து இன்ஜின் அடித்துக்கொள்ளும் பிரச்சினையாகி நீதிமன்றம் வரை போனது. நீங்கள் பார்க்கும் வருடங்களுக்கு அந்தக் கவலை குறைவு, ஆனாலும் ஆயில் அளவைப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும்.

மழைச்சாரல்:

ஹைப்ரிட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் நாலு வருடமாக சியன்னா ஹைப்ரிட் ஓட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், 2021-லிருந்து வரும் சியன்னா எல்லாமே ஹைப்ரிட்தான், வி6 கிடையாது. 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினும் மோட்டார்களும் சேர்ந்து 245 குதிரைத்திறன். ஆறு பேரோடு மேட்டில் ஏறும்போது இன்ஜின் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும், முந்திச் செல்லவும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது மைலேஜ். அமெரிக்க அரசின் அளவீட்டில் முன்சக்கர இழுவை மாடலுக்கு கேலனுக்கு 36 மைல், அதாவது லிட்டருக்கு 15 கிலோமீட்டர் சுமார். ஒடிசிக்கும் சாதாரண பசிஃபிகாவுக்கும் 22 மைல்தான், லிட்டருக்கு 9 சொச்சம். பத்து வருடம் ஓட்டப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நம்பகத்தன்மை என்று வந்தால், ஹைப்ரிட் என்றதும் சிக்கலான இயந்திரம், சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். டொயோட்டாவின் ஏற்பாட்டில் கெட்டுப்போகும் பாகங்கள் உண்மையில் குறைவு. மற்ற ஆட்டோமேட்டிக் பெட்டிகள் மாதிரி ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் பிடித்து விடும் வேலை அதில் இல்லை. தேய்கிற பெல்ட்டும் இல்லை. ஒரு பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டாரும்தான். தனி ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் இரண்டும் கிடையாது. வேகம் குறைக்கும்போது பெரும்பங்கு வேலையை மோட்டாரே செய்வதால் பிரேக் பேடும் நிறைய நாள் வரும். 1997-ல் பிரியஸில் தொடங்கிய அதே அடிப்படைதான் இது. பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 1,50,000 மைல் வாரண்டி, எது முதலில் வருகிறதோ அது. பேட்டரி முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைக் குளிர்விக்கக் காற்று போகும் வழியைப் பையாலோ போர்வையாலோ அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த இடம்தான் முதலில் நிரம்பும்.

வாங்குவதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லாதது, இந்தத் தலைமுறை சியன்னாவில் இரண்டாம் வரிசை சீட்டைக் கழற்ற முடியாது. முன்பின் நிறைய தூரம் நகரும், ஆனால் வெளியே எடுக்க முடியாது. நீளமான அலமாரியை ஏற்றும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

தாழ்வாரம்:

இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சரி, உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அத்தையின் முழங்கால்தான். எங்கள் வீட்டிலும் மூன்று பிள்ளைகள், அப்பாவும் கூட இருக்கிறார், அதனால் இந்தக் கணக்கை நிறையப் போட்டிருக்கிறேன். மூன்றாம் வரிசைக்கு அத்தையை அனுப்பவே கூடாது. இரண்டாம் வரிசையில் தனித்தனிச் சீட்டாக இருக்கும் ஏழு சீட் வண்டியில் ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் கைக்குழந்தை, நடுவில் நடைபாதை மாதிரி இடம், அதன் வழியாகப் பெரிய பிள்ளைகள் இருவரும் பின்னால் போய்விடுவார்கள், யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. எட்டு சீட் எடுத்தால் அந்த நடைவழி போய்விடும். குழந்தை சீட் மாட்டிய பிறகு அந்தச் சீட்டை மடக்கி வழிவிட முடியாது என்பதைக் கடையில் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

ஒடிசியின் பலமே இந்த இடத்தில்தான். 2018-லிருந்து, அடிப்படை மாடலான எல்.எக்ஸ். தவிர மற்றவற்றில் இரண்டாம் வரிசைச் சீட்டை இடவலமாகவும் நகர்த்தலாம், நடுச்சீட்டை எடுத்துவிட்டு இரண்டையும் தேவைக்கேற்பச் சேர்க்கலாம் பிரிக்கலாம், எட்டு சீட் மாடலில் மூன்று இருக்கையிலும் குழந்தை சீட் மாட்டும் கொக்கிகள் இருக்கின்றன. கழற்றவும் முடியும், ஆனால் கனம் அதிகம், முதுகுவலி இருப்பவர் தூக்க வேண்டாம். பசிஃபிகாவில் சீட் தரைக்குள்ளேயே மடங்கிப் போய்விடும், கிரைஸ்லர் வேன்களில் 2005-லிருந்து இருக்கும் வசதி, அவசரத்துக்கு அதைவிடச் சுகம் வேறு எதிலும் இல்லை. மடங்க வேண்டும் என்பதால் மெத்தை மெல்லியதாக இருக்கும், நீண்ட தூரத்துக்கு வயதானவர்கள் அதில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்பார்கள். பிளக்-இன் ஹைப்ரிட் பசிஃபிகாவில் தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் இரண்டாம் வரிசைக்கு இந்த மடக்கும் வசதியே கிடையாது. சார்ஜ் செய்தால் 30 மைலுக்கு மேல் மின்சாரத்திலேயே ஓடும் என்பது அருமைதான், ஆனால் 2017, 2018 பிளக்-இன் வண்டிகளைத் தீப்பிடிக்கும் அபாயம் என்று 2022-ல் திரும்ப அழைத்து, சரிசெய்யும் வரை சார்ஜ் போடாதீர்கள், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள் என்று கம்பெனியே சொன்னது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த இரண்டு வருடத்தையும் நான் தொட மாட்டேன்.

பாதுகாப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. 2023-ல் அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சோதனை அமைப்பு, மோதலில் பின்சீட்டில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று மினிவேன்களைச் சோதித்தது. ஓட்டுநருக்குப் பின்னால் குள்ளமான பெண் அல்லது 12 வயதுப் பிள்ளை அளவு பொம்மை. சியன்னா, பசிஃபிகா, கியா கார்னிவல் மூன்றுக்கும் கடைசிக்கு முந்தைய தரம், ஒடிசிக்குக் கடைசித் தரம். ஒன்றுகூட நல்ல தரம் வாங்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம், குடும்பத்துக்கென்றே விற்கும் வண்டிகள் இவை. குழந்தை சீட்டில் சரியாகக் கட்டப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது, அவர்களுக்குப் பின்சீட்தான் பாதுகாப்பு. நீங்கள் யோசிக்க வேண்டியது வெறும் பெல்ட்டோடு அங்கே உட்காரப் போகும் அத்தையைப் பற்றி.

பதினைந்தாம் ஸ்பேனர்:

நான் வண்டி வேலை பார்ப்பவன். சுருக்கமாகச் சொல்கிறேன். மினிவேனில் இன்ஜினை விட அதிகமாக ஆளைப் படுத்துவது மின்சார ஸ்லைடிங் கதவு. இதில் எந்தக் கம்பெனியும் தப்பவில்லை. 2011 முதல் 2016 வரை வந்த சியன்னாக்களை, ஓடும்போது கதவு திறந்துகொள்ளலாம் என்று அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். கார்னிவலின் 2022, 2023 மாடல்களுக்கும் கதவுக்காக ரீகால் வந்தது. ஆகவே வாங்கும் முன் இரண்டு கதவையும் பத்துத் தடவையாவது திறந்து மூடுங்கள், பொத்தானில், கைப்பிடியில், சாவியில், எல்லா வழியிலும். மூடும்போது நடுவில் சுருட்டிய துண்டை வைத்துப் பாருங்கள், தொட்டதும் திரும்ப வேண்டும். கதவின் கீழ்த்தடத்தில் மண்ணும் பிஸ்கட் தூளும் அடைத்திருந்தால் முன்னால் வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று அதிலேயே தெரியும்.

வண்டியின் 17 எழுத்து வின் எண்ணைப் போட்டு முடிக்காத ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டீலர் இலவசமாகச் செய்து தர வேண்டும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பசிஃபிகாவின் 3.6 லிட்டர் வி6-ல் வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்ம் தேய்ந்தால் டிக் டிக் என்று சத்தம் அப்போதுதான் நன்றாகக் கேட்கும், இன்ஜின் மேலே ஆயில் ஃபில்டர் இருக்கும் பிளாஸ்டிக் பகுதியில் கசிவும் வரும், அதையும் பாருங்கள்.

கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு வேனில், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், வாங்கிய இடத்தில் அப்படிச் சொன்னதை நம்பி மாற்றாமல் விட்டோம், பெட்டி போய்விட்டது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் நின்றது, அதை நான் மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு என்னிடம் வரும் எல்லோருக்கும் 60,000 மைலுக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறேன்.

நீலவாசல்:

இவ்வளவு அக்கறையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று குழந்தை சீட் இரண்டையும் மகளை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட்டையும் தூக்கிக்கொண்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு மூன்று வண்டியையும் பார்த்துவிட்டு வந்தோம். பசிஃபிகாவில் அத்தை பத்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். 2020 ஒடிசி எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டவும் அதுதான் சுகம், சீட்டை நகர்த்தி அத்தை ஏற வசதியாக இடம் விட முடிந்தது. ஆனால் தாழ்வாரம் சொன்ன அந்தச் சோதனை மனதை விட்டுப் போகவில்லை, எங்கள் அத்தை அந்தப் பொம்மை அளவுதான் இருப்பார். சியன்னா 2021-ல் சீட்டை முழுவதும் பின்னால் தள்ளினால் அத்தைக்கு ராஜ வசதி, மகனுக்குத்தான் கால் வைக்க இடமில்லை, பாதி தூரம் முன்னால் இழுத்ததும் இருவருக்கும் சரியாக வந்தது. அதனால் சியன்னா பக்கம் சாய்ந்திருக்கிறோம். இப்போது கையில் இரண்டு வண்டி, ஒன்று 58,000 மைல் ஓடிய எட்டு சீட், இன்னொன்று 71,000 ஓடிய ஏழு சீட். குறைவாக ஓடியதை எடுக்கலாம் என்கிறார் கணவர்.

பதினைந்தாம் ஸ்பேனர்:

ஏழு சீட்டை எடுங்கள் சகோதரி. 13,000 மைல் அந்த இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. ஆயில் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருக்கிறதா, ஹைப்ரிட் பேட்டரியை டீலரிடம் சோதித்துத் தரச் சம்மதிக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள், மறுத்தால் எட்டு சீட்டும் வேண்டாம், வேறு ஏழு சீட் தேடுங்கள்.

நீலவாசல்:

சரிங்க அண்ணா. ரசீது இருக்கிறதாம், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வருகிறோம், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.