டர்போவுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தென்காசி ஆசிரியர்:

கலைச்சொல் குழுவில் எல்லாருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக நாலு பக்கத்தில் ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் என் மாணவன் ஒருவனால் வந்தது. வீட்டு மாட்டுத்தொழுவத்தில் பழைய 350 சிசி ஒற்றை சிலிண்டர் பைக்கை நிறுத்தி, ஜப்பானின் 660 சிசி குட்டிக் கார்களில் வருகிற கையகல டர்போ ஒன்றை எங்கோ தேடி வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறான். சுற்றி நிற்கிற பையன்கள் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் தமிழ் இல்லை.

டர்போவில், சைலன்சருக்குப் போகிற சூட்டுப்புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். டர்போசார்ஜர், டர்போ லேக், வேஸ்ட்கேட், இந்த மூன்றுக்கும் சொல் வேண்டும். முதலாவதற்கு 'சுழலேற்றி' என்று எழுதிப் பார்த்தேன். "பேட்டரி சார்ஜரா சார்?" என்றான் ஒருவன்.

திருவையாற்றுத் தமிழாசிரியர் (பணி ஓய்வு):

பையன் கேட்டது நியாயம். 'ஏற்றி' மின்சாரத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே ஏற்றம் கிணற்றடிக்குப் போயிருந்தது. காற்றைத் தள்ளும் கருவிக்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? துருத்தி இருக்கிறது. அதைவிடப் பழையது குருகு. சிலப்பதிகாரத்தில் காதலரைப் பிரிந்த மகளிர் ஊதுலைக் குருகு போலத்தான் பெருமூச்செறிகிறார்கள். உலைக்குக் காற்று ஊட்டுவதும் சிலிண்டருக்குக் காற்று ஊட்டுவதும் ஒரே தொழில்தானே? ஆனால் குருகு நாரையாகவும் வளையலாகவும் பொருள்படும் என்பதால் துருத்தியே மேல்.

ஆற்றிடைக்குறைக்கும், அதாவது ஆற்று நடுவில் உள்ள திட்டுக்கும், துருத்தி என்றே பெயர். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருப்பூந்துருத்தியும், குத்தாலத்தின் பழம்பெயரான திருத்துருத்தியும் அப்படி வந்தவை. காற்றில் தோல் புடைப்பதும் ஆற்றில் மணல் புடைப்பதும் ஒரே காட்சி. 'துருத்திக்கொண்டு நிற்கிறது' என்கிறோமே, அதே வேர் என்பது என் துணிபு. ஆகவே சுழல் + துருத்தி = சுழற்றுருத்தி.

கோவை பட்டறைக்காரர்:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சுழற்றுருத்தியை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பையன் எழுந்து போய்விட்டான். இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. துருத்தி என்று எழுதினால் தோலைத் தேடுவார்கள். பட்டறையில் எல்லாரும் டர்போ என்கிறோம். அப்படியே எழுதுங்கள்.

சொல்லைவிட முக்கியமான ஒன்று. தம்பி டர்போவை எந்த உயரத்தில் கட்டியிருக்கிறான்? அந்தத் தண்டு மிதப்பதே ஆயில் படலத்தில்தான். ஆயில் உள்ளே போக பம்பு இருக்கிறது, திரும்பி வடிவது தன் எடையில்தான். இன்ஜின் அடியில் தாழ்வாகக் கட்டினால் ஆயில் தேங்கி சீலைத் தாண்டும். நானே ஒரு வண்டியில் அப்படிச் செய்து, தெரு முழுக்க நீலப்புகையாகி, எதிர்வீட்டு அம்மா கொசு மருந்து வண்டி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். அப்புறம், ஒற்றை சிலிண்டர் விட்டுவிட்டுத்தான் காற்றை இழுக்கும். டர்போ நிற்காமல் தள்ளும். நடுவே ஒரு காற்றுத்தொட்டி வேண்டும்.

ரோட்டில் ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வண்டியை இப்படி மாற்றுவதைத் தடுக்க 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது.

டொராண்டோ மொழிபெயர்ப்பாளர்:

டர்பைன் என்ற சொல்லை 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் பர்தான் ஆக்கினார். லத்தீனில் 'டர்போ' என்றால் பம்பரம். நேரடியாகப் பம்பர ஊதி என்று சொல்லலாமே?

இன்னொன்று. சுழல் என்று தொடங்கும் எந்தச் சொல்லும், காற்றை அமுக்கித் தள்ளும் இன்னொரு கருவியான சூப்பர்சார்ஜருக்கும் பொருந்தும், அதுவும் சுழலுவதுதான். அதை இன்ஜினின் தண்டே சுழற்றுகிறது, கவாசாகி எச்2 பைக்கில் இருப்பது அந்த வகை. வீணாகப் போகும் புகையால் சுற்றுவது டர்போ. 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூச்சி காப்புரிமை எடுத்ததே அந்தப் புகைக்குத்தான். சொல்லில் புகை இல்லையென்றால் பாதிப் பொருள் இல்லை.

கோவை பட்டறைக்காரர்:

பம்பர ஊதியா! வண்டியில் ஏற்கெனவே பம்பர் இருக்கிறது அக்கா. புகையூதி என்றால் மறுபடி கொசு மருந்து வண்டிதான்.

தென்காசி ஆசிரியர்:

சுழலூதி? பையன்கள் சிரிக்கவில்லை. அதையே தகுதியாக எடுத்துக்கொள்கிறேன்.

திருவையாற்றுத் தமிழாசிரியர்:

வினைத்தொகை என்று கொண்டால் இலக்கணம் இடம் தரும். என் மனம்தான் இடம் தரவில்லை.

சென்னை மென்பொருளாளர்:

லேக் என்பதற்குச் சுணக்கம். 1982இல் வந்த ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அப்புறம் மொத்தமாகத் தூக்கும். அந்த ஒரு கணம்தான் சுணக்கம். யாருக்காவது மறுப்பு உண்டா?

(இரண்டு நாளாக மறுப்பு வரவில்லை. இந்தக் குழுவில் இது புதுசு.)

காஞ்சிபுரம் வாசகர்:

வேஸ்ட்கேட்டின் வேலை என்ன? அழுத்தம் 0.5 பார் என்று வைத்த அளவைத் தொட்டதும் சின்னக் கதவு திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே விடும். இல்லாவிட்டால் நாக்கிங் (எரிபொருள் வேளை தப்பி வெடிப்பது) வந்து பிஸ்டனில் ஓட்டை. ஏரி நிரம்பினால் கரை உடையாமல் இருக்க மிச்சத்தண்ணீர் போகும் இடத்துக்குக் கலிங்கு என்று பெயர். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ஏரி கோடி போகுது'. கலிங்கு என்றே வைக்கலாம்.

தென்காசி ஆசிரியர்:

அருமை! ஆனால் எங்கள் பக்கம் 'குளம் மறுகால் பாயுது' என்றுதான் சொல்வார்கள். கலிங்கு என்றால் பையன்களுக்குப் பாதிதான் புரியும்.

டொராண்டோ மொழிபெயர்ப்பாளர்:

கலிங்கிலும் மறுகாலிலும் கதவு எங்கே? தண்ணீர் தானாக வழிகிறது, அவ்வளவுதானே. எங்கட ஊரில் 'குளம் வான் பாயுது' என்போம். இலங்கையின் இரணைமடுக் குளத்தில் மழைக்குத் திறப்பது வான்கதவு. அளவு மீறினால் திறக்கிற கதவு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கோவை பட்டறைக்காரர்:

பொருள் சரிதான் அக்கா. ஆனால் மோட்டார் வகுப்பில் வான்கதவு என்றால் மாருதி வேனின் கதவைத் திறப்பார்கள்.

டொராண்டோ மொழிபெயர்ப்பாளர்:

அது வேன், இது வான். உங்கட பையன்கள் ஒரு சொல்லைப் படித்துத் தெரிந்துகொள்ளவே கூடாதா?

தென்காசி ஆசிரியர்:

நேரமாகிவிட்டது. தலைப்பில் டர்போ, முதல் பத்தியில் 'சுழலூதி எனலாம்', பிறகு சுணக்கம், மறுகால்கதவு. அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். வான்கதவு அடிக்குறிப்பில் இருக்கிறது அம்மா.

டொராண்டோ மொழிபெயர்ப்பாளர்:

அடிக்குறிப்பில்தானே!

திருவையாற்றுத் தமிழாசிரியர்:

மறுகால்கதவு பிழை. லகரம் றகரமாகத் திரிந்து மறுகாற்கதவு என்று வர வேண்டும். அச்சை நிறுத்த முடியுமா?

தென்காசி ஆசிரியர்:

நூறு படி கைக்கு வந்துவிட்டது ஐயா.

கோவை பட்டறைக்காரர்:

தம்பி டர்போவை மேலே ஏற்றினானா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

தென்காசி ஆசிரியர்:

ஒரு சாண் ஏற்றிவிட்டான். நீலப்புகை நின்றுவிட்டது, மாடுதான் இன்னும் தொழுவத்துக்குள் வர மாட்டேன் என்கிறது.

திருவையாற்றுத் தமிழாசிரியர்:

நல்லது. துருத்திக்கும் துருத்துதலுக்கும் உள்ள உறவு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.