பாபநாசம் துறையில் என் காலில் சுற்றிய சேலை

சித்திரையில் தாமிரபரணி ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்த சமயம். உள்ளே கிடக்கும் துணிகளை எடுக்க எங்கள் ஊர்ப் பையன்கள் கிளம்பினார்கள். நானும் கூடப் போனேன். பாபநாசநாதர் கோயிலுக்கு முன்னால் உள்ள படித்துறைதான். பொரி போட்டால் மீன்கள் மொய்த்துக்கொண்டு வருமே, அதே இடம். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து நானும் பொரி போட்டிருக்கிறேன்.

இடுப்பளவு தண்ணீரில் நாலு எட்டு வைத்திருப்பேன், இடது கால் நகரவில்லை. பாசி என்று நினைத்துக் கையை விட்டால் சேலைத் தலைப்பு. இழுத்தேன், வரவில்லை. மறுமுனை மணலுக்குள் புதைந்து, அதோடு ஒரு வேட்டி, ஒரு போர்வை, இன்னும் என்னென்னவோ சேர்ந்து வடக்கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டோம். வேட்டி கையோடு பிய்ந்து வந்தது. பாலியஸ்டர் சேலையின் பூக்கள் மட்டும் கடையில் பார்த்த மாதிரி அப்படியே இருந்தன. அதன் மடிப்புக்குள் விரல் நீள மீன் ஒன்று செத்துக் கிடந்தது.

முழுகி எழுந்து, கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டால் தோஷம் போகும் என்று நம்பித்தான் விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்பா தவறிய வருஷம் அவருடைய வேட்டியை இதே துறையில் விட்டவன் நான். அது போன திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். கடலுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். எங்கே போகும்? கல்லிடுக்கிலும் மருத மர வேரிலும் மாட்டிக்கொள்ளும். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு சேரன்மகாதேவிப் பக்கம் என் தலைக்கு மேலே, மரக்கிளைகளில் துணி தொங்கியதைப் பார்த்தேன்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தாமிரபரணி தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. பக்கத்து மாநிலத்தைக் கைகாட்ட வழியே இல்லை. இதில் சேரும் அழுக்கு முழுக்க நம்முடையது. எட்டு அணைக்கட்டு வழியாக வயலுக்குப் போவதும் இந்தத் தண்ணீர்தான், உறைகிணறு வழியாக எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இதுதான்.

அப்புறம் ஆடி அமாவாசைக்கு அம்மாவோடும் அத்தையோடும் தர்ப்பணம் கொடுக்கப் போனேன். ஈர வேட்டியை அவிழ்த்துப் பிழிந்ததும் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“கட்டுன துணியத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போவப்பிடாதுல. ஆகாது.”

“அத்த, இந்தத் தண்ணியத்தான நாம குடிக்கோம்.”

தர்ப்பணம் செய்துவைத்தவரைப் பார்த்தாள் அத்தை. எள்ளும் தண்ணியும் மனசார விட்டாலே போதும் என்றார் அவர். அத்தை முகம் தெளியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் வேட்டியை வாங்கி, இன்னொரு தடவை பிழிந்து, வயர் கூடையில் வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் வீட்டுக் கொடியில் காய்ந்துவிட்டது. மறுநாள் அதையே கட்டிக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனேன்.