பீலிக்கு மேலேயுள்ள காடு: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

அப்புத்தளையிலிருந்து:
வறண்ட கச்சான் காற்றில் பைனஸ் என்னும் ஊசியிலை மரக்காடு எப்படி எரியும் என்பதை இலங்கையின் ஊவா மாகாணக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே தீப்பிடித்த அன்று, ஓடைக்கு அக்கரைச் சிங்களக் கிராமத்தார் பச்சைக் குழைகளால் அடித்து அணைத்துக்கொண்டிருக்க, அது அவர்களுடைய காடு என்ற நினைப்பில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள் நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். முகமெல்லாம் கரி படிந்த முதியவர் ஒருவர் இறங்கி வந்து, பீலியில் கையேந்திக் குடித்துவிட்டு, “துவ (மகளே), இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது?” என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து:
கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சி, கிடைக்காத காலத்தில் எங்களுக்கு ஓடைக்காடுதான் கதி. காய்ந்து விழுந்ததை மட்டுமே பொறுக்க வேண்டும் என்பது லயத்துப் பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஒருநாள் என் அம்மாவின் விறகுக்கட்டை அவிழ்த்தபோது, வெட்டுவாய் ஈரம் காயாத நான்கு பச்சைக் கம்புகள் உள்ளே இருந்தன. பெரியம்மா முறையான ஒருவர் திட்டவில்லை. கம்புகளைத் தனியே எடுத்து வைத்து, “தங்கச்சி, ஒரு மாசத்துக்கு நாத்தைச் சுத்திப் புல்லு வெட்டு” என்றார். அம்மா ஞாயிறுதோறும் போனார். அன்று அவர் தலைகுனிந்து நின்றது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

வெலிமடையிலிருந்து:
அப்புத்தளைச் சகோதரி தம்மை மட்டும் குறைசொல்லிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். லயத்தாரை முன்பே அழைக்காததும் தவறுதான். எங்கள் பக்கத்தில் இரு தரப்பும் சிரமதானம் வைத்துத் தீத்தடுப்புப் பாதை வெட்டினோம், ஒரு வருடம் விட்டுவிட்டோம், அந்த வருடமே எரிந்தது. ஆகவே சொல்கிறேன்: பாதையை வெட்டினால் மட்டும் போதாது, ஊசிச்சருகு திரும்பத் திரும்ப மூடுவதால், காற்றுக்காலம் முடியும்வரை மண் தெரிய வாரிக்கொண்டே இருக்க வேண்டும். 2012 முதல் 2016 வரை அவுஸ்திரேலிய உதவியுடன் வனப் பாதுகாப்புத் திணைக்களம் நடத்திய சமூக வனத் திட்டத்தில், ஊரார் சங்கம் அமைத்துத் திணைக்களத்துடன் உடன்படிக்கை செய்து காட்டைப் பராமரித்தார்கள். அப்படியொரு சங்கம் உங்கள் பகுதியில் அமையுமானால், காணி இல்லை என்பதற்காக லயத்தாரை ஒதுக்க விடாதீர்கள். பெண்களைத் தனி உறுப்பினராகச் சேருங்கள். யார் எந்தத் துண்டை வாருவது, விழுந்த விறகில் யாருக்கு எவ்வளவு என்பதை இரு மொழியிலும் எழுதி வையுங்கள்.

அப்புத்தளையிலிருந்து:
அண்ணா, நாங்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. மறு ஜூனில் பதினோரு பேர் மண்வெட்டியோடு ஏறினோம். அந்த முதியவர் எங்களைக் கண்டதும் ஒன்றும் பேசாமல், பீலிக்கு நேர் மேலேயுள்ள பாறையிலிருந்து சருகின் மேல் காலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.