இவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு பேர் எப்படி மோதிக்கொள்கிறார்கள்?

கோத்தகிரி அக்கா:
என் தம்பி இரண்டு வருடமாக பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கிக்கொண்டு) பறக்கிறான், சொந்தமாகப் பழைய செட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். வருகிற நவம்பரில் இமாச்சலத்தில் பீர் பில்லிங் என்ற இடத்துக்குப் போகிறானாம். அங்கேதான் 2024 அக்டோபரில் இரண்டு பேர் வானத்திலேயே மோதி, பெல்ஜியத்துக்காரர் ஒருவர் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. ரோடு மாதிரி குறுகலான இடமா அது? தம்பியைக் கேட்டால் "ரூல்ஸ் எல்லாம் இருக்கு அக்கா" என்பதோடு சரி. என்ன ரூல்ஸ் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

குன்னூர் ரிட்டயர்டு:
வானம் பெரிதுதான் அம்மா, ஆனால் மேலே தூக்கிவிடும் காற்று இருக்கும் இடம் சின்னது. எஞ்சின் இல்லாத எதுவும் அந்தக் காற்றைத் தேடித்தான் போக வேண்டும், அதனால் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சுற்றுவார்கள். நான் புனே ஹடப்சரில் கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம், ஓட்டக் கற்றவன். பிறகு வேறொரு ஊரில் ஒரு மத்தியானம், முன் கண்ணாடியில் பூச்சி அடித்த கறை மாதிரி ஒரு புள்ளி தெரிந்தது. இடம், வலம் எங்கேயும் நகரவில்லை, அதனால் நானும் கவலைப்படவில்லை. திடீரென்று அந்தக் கறைக்கு இரண்டு பக்கமும் இறக்கை தெரிந்தது, வலப்பக்கம் சாய்த்துத் திரும்பினேன், அவரும் அவருடைய வலப்பக்கம் திரும்பியதால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நகர்வதைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். ஆனால் நம்மேல் மோத வருவது நகராது, ஒரே இடத்தில் நின்று கடைசி சில நொடிகளில்தான் பெரிதாகும். இரண்டு பேரும் மணிக்கு 100 கிலோமீட்டரில் நேருக்கு நேர் வந்தால் நொடிக்கு 55 மீட்டர், அரை கிலோமீட்டர் தூரம் 9 நொடியில் தீர்ந்துவிடும். பார்த்து, புரிந்து, விமானம் திரும்பி முடிக்க 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத்துறை கணக்கு வைத்திருக்கிறது. பாராகிளைடருக்கு வேகம் குறைவு, ஆனால் தலைக்கு மேலே முழுக்கத் துணி, அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

பெரியகுளம் பறவை:
சார் சொன்னதுக்கு மேலே ரூல்ஸ் மட்டும் சொல்கிறேன் அக்கா. மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும்போது எதிரே ஒருவர் வந்தால், யாருக்கு மலை வலக்கைப் பக்கம் இருக்கிறதோ அவர் நேரே போகலாம், மலை இடக்கைப் பக்கம் இருப்பவர்தான் வலப்பக்கமாக வெளியே விலக வேண்டும். மலை வலக்கைப் பக்கம் இருப்பவர் வலப்பக்கம் ஒதுங்கினால் பாறையில்தான் மோதுவார். அதே மாதிரி, திரும்புவது எப்போதும் மலையை விட்டு வெளிப்பக்கம்தான். தெர்மலில், அதாவது சார் சொன்ன மேலே தூக்கும் சூடான காற்றில், முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதே பக்கம், வட்டத்துக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டு நுழையவே கூடாது. கீழேயிருந்து வேகமாக ஏறி வருகிறவருக்கு மேலே இருப்பவர் வழி விட வேண்டும், நம் மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு வழி விடுவோமே, அப்படித்தான். மேகத்துக்குள் போகவே கூடாது.

கல்லட்டி ராஜா:
மசினகுடி இறங்கும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாறுக் கழுகுகள் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன், ஏழெட்டு இருந்தாலும் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் சுற்றின. காரணம் இப்போதுதான் புரிகிறது. மோதப்போவதை எச்சரிக்க மிஷின் எதுவும் கிடையாதா?

குன்னூர் ரிட்டயர்டு:
இருக்கிறது தம்பி, ஃபிளார்ம் என்று பெயர், 2004-இல் சுவிட்சர்லாந்தில் வந்தது. ஜிபிஎஸ் வைத்து நாம் போகும் பாதையைக் கணித்து ரேடியோவில் அனுப்பும், எதிரே இருப்பவருடைய பாதையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கத்தும். ஆனால் அவரிடமும் அது இருந்தால்தான். பாராகிளைடர்காரர்கள் பலரிடம் இருக்காது, பருந்திடம் சுத்தமாக இருக்காது. அதனால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை விடவே கூடாது. கோத்தகிரி அம்மா, தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டைக் கடைசியாக எப்போது பிரித்து மடித்தான்? மோதித் துணி சிக்கிக்கொண்டால் அதை உடனே எறிவதுதான் ஒரே வழி, யோசிக்க யோசிக்க உயரம் குறையும். வருடத்துக்கு ஒரு தடவையாவது மடிக்க வேண்டும்.

கோத்தகிரி அக்கா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி தம்பியை உட்கார வைத்துக் கேட்டேன். மலை இடப்பக்கம் இருந்தால் யார் விலகணும் என்று கேட்டதுக்கு டக்கென்று சரியாகச் சொன்னான், அம்மாவுக்கு அதுவே பாதி நிம்மதி. ரிசர்வ் கேட்டதும் பேச்சைக் காணோம், செட் வாங்கியதிலிருந்து பிரிக்கவே இல்லையாம். கோயம்புத்தூர் பக்கம் நம்பி மடிக்கக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா? நவம்பருக்கு முன்னால் முடிக்க வேண்டும்.